ஜிபிஎஸ் இருந்தும் படகு ஏன் பவளப்பாரில் ஏறுகிறது?

வெப்பமண்டலத் தீவுப் பக்கம் ஏதாவது ஒரு படகு பவளப்பாரில், அதாவது கடலுக்குள் பவளம் கட்டிய பாறையில், ஏறி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும் படம் வந்தால், பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: இந்தக் காலத்தில் இப்படி நடக்குமா, ஜிபிஎஸ் இல்லையா? இருந்திருக்கும். வேலை செய்தும் இருக்கும். அப்புறம் எப்படி மோதியது என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். 2014 நவம்பர் 29 அன்று, வோல்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகம் சுற்றும் பாய்மரப் போட்டியில் ஓடிக்கொண்டிருந்த 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே இருக்கும் கார்கடோஸ் கராஹோஸ் திட்டுகளில் இருட்டிய பிறகு மோதியது. படகில் இருந்த ஒன்பது பேரும் பிழைத்தார்கள். அந்தத் திட்டு மின்னணு வரைபடத்தில் இருந்தது. ஆனால் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். சுருக்கிய நிலையில் அங்கே பவளப்பார் இருப்பதே திரையில் தெரியவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2013 ஜனவரி 17 அன்று, அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் என்ற கப்பல் பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளப்பாரில் ஏறியது. அவர்கள் பார்த்த மின்னணு வரைபடத்தில் அந்தப் பார் உண்மையான இடத்திலிருந்து ஏறக்குறைய 8 கடல் மைல், அதாவது 15 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளிப் பதிவாகியிருந்தது.

ஜிபிஎஸ் சொல்வது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை. பாறை எங்கே இருக்கிறது என்று சொல்வது வரைபடம். இரண்டும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதால், இரண்டுக்கும் ஒரே துல்லியம் என்று மனம் எடுத்துக்கொண்டுவிடுகிறது. தீவுகளுக்கிடையே சொந்தப் படகில் போகிறவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்தக் கடலின் அமைப்பே வேறு

சாதாரண மணற்கரையை நெருங்கும்போது ஆழம் படிப்படியாகக் குறையும். 20 மீட்டர், 15, 10, 8 என்று ஆழமானி காட்டிக்கொண்டே வரும். திரும்ப நேரம் இருக்கும். பவளத் தீவுகளில் அந்த வசதி கிடையாது. காரணம் அவை உருவான விதம்.

1. சுண்ணாம்பு மேடைகள். பஹாமாஸ் இதற்கு நல்ல உதாரணம். கிரேட் பஹாமா பேங்க் என்ற பரந்த மேடையின் பெரும்பகுதியில் தண்ணீர் 10 மீட்டருக்கும் குறைவு. படகு நாள் முழுவதும் சில மீட்டர் தண்ணீரிலேயே ஓடும். அதே மேடைக்கு நடுவே 'டங் ஆஃப் தி ஓஷன்' என்ற பள்ளம் 1,000 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. விளிம்பு ஏறத்தாழச் செங்குத்து.

2. வளையப் பவளத் தீவுகள், அதாவது அடால்கள். எரிமலைத் தீவு மெல்ல மெல்லக் கீழே அமிழ, அதைச் சுற்றி வளர்ந்த பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகும் என்று 1842இல் டார்வின் விளக்கினார். தீவு மறைந்து வளையம் மட்டும் மிஞ்சும், உள்ளே காயல். மாலத்தீவுகளும் பிரெஞ்சுப் பொலினீசியாவின் துவாமோத்து தீவுகளும் இந்த ரகம்.

3. காயலுக்குள் நிற்கும் தனிப் பவளக் குன்றுகள். சுற்றிலும் 20 மீட்டர் ஆழம் இருக்கும். நடுவே ஒரு தூண் மாதிரி எழுந்து மேற்பரப்புக்கு அரை மீட்டர் கீழே வந்து நிற்கும்.

ஆழமானி படகின் அடியில் நேர் கீழே உள்ளதைத்தான் அளக்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அது 20 என்று காட்டும்போது அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, பத்து மீட்டர் முன்னால் குன்று நின்றுகொண்டிருக்கலாம். முன்னோக்கிப் பார்க்கும் சோனார் கருவிகளும் உண்டு, ஆனால் ஆழம் குறையக் குறைய அவை பார்க்கும் தூரமும் குறைந்துவிடும். எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அவற்றின் பலன் குறைவு.

வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

இந்தக் கேள்விக்கு வரைபடத்திலேயே பதில் இருக்கிறது, பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம். அதிகாரபூர்வ மின்னணு வரைபடங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பகத் தரம் கொடுத்திருப்பார்கள். அதற்கு ஸாக் என்று பெயர். தரங்கள் இப்படி:

1. ஏ1: காட்டிய இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் பிழை. நவீனக் கருவிகளால் முழுமையாக அளந்தது.
2. ஏ2: 20 மீட்டர் வரை.
3. பி: 50 மீட்டர் வரை. அளக்காத பாறைகள் இருக்க வாய்ப்பு உண்டு.
4. சி: 500 மீட்டர் வரை. ஆழத்திலேயே 2 மீட்டரும் அதற்கு மேலும் பிழை இருக்கலாம்.
5. டி: சி-யைவிட மோசம்.
6. யு: மதிப்பிடவே இல்லை.

துறைமுக வாய்களையும் பெரிய கப்பல் பாதைகளையும் விட்டு விலகினால், பவளத் தீவுப் பகுதிகளில் அடிக்கடி கண்ணில் படுவது கடைசி மூன்று தரங்கள்தான். சி தரப் பகுதியில் 200 மீட்டர் அகலமான வழி ஒன்றைத் திரையில் பார்க்கிறீர்கள், உங்கள் படகின் குறி அதன் நட்டநடுவில் அழகாக நகர்கிறது. அந்தப் படம் உண்மையில் 500 மீட்டர் தள்ளி வரையப்பட்டிருக்கலாம் என்றால், திரையில் நடுவில் இருப்பதற்கு அர்த்தமே இல்லை.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வந்தன? பல தொலைதூரத் தீவுகளின் வரைபடங்களுக்கு அடிப்படை, 19ஆம் நூற்றாண்டில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்த அளவீடுகள். குண்டு விழுந்த புள்ளியில் ஆழம் சரி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு குன்று இருந்தால் அது யாருக்கும் தெரியாது. அந்தப் புள்ளியின் இடத்தைச் சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துத்தான் கணித்தார்கள். பின்னால் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யுஜிஎஸ் 84 என்ற பொது அளவு முறைக்கு அவற்றை மாற்றியபோது, சில தீவுகள் மொத்தமாகவே நகர்ந்து விழுந்தன. போதாக்குறைக்குப் புயல் வந்தால் மணல்திட்டு இடம் மாறும்.

செயற்கைக்கோள் படங்கள் இங்கே நல்ல உதவி. ஓபன்சிபிஎன் போன்ற மென்பொருளில் இந்தப் படங்களை வரைபடத்தின்மேல் பொருத்தி, தன் படகின் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நெடும்பயணப் படகோட்டிகளிடையே இப்போது வழக்கமாகிவிட்டது. தீவு தள்ளி வரையப்பட்டிருந்தால் உடனே தெரிந்துவிடும், தனிக் குன்றுகளும் பல தெரியும். ஆனால் மேக நிழல், அலைப் பளபளப்பு, கலங்கல் உள்ள இடத்தில் படம் ஏமாற்றும். ஆழத்தை எண்ணாகவும் சொல்லாது.

ஆழக் கணக்கு: திரையில் உள்ள எண் மட்டும் போதாது

முதலில் ஒரு சொல். படகு தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கி நிற்கிறதோ அதற்கு டிராஃப்ட் என்று பெயர். பயணத்துக்கான இரட்டை உடல் கட்டமரான்களுக்கு இது 1 முதல் 1.3 மீட்டர் அளவில் இருக்கும். ஆழமான கீல் (அடியில் துடுப்புபோல் இறங்கும் பகுதி) கொண்ட ஒற்றை உடல் படகுகளுக்கு 2 மீட்டரைத் தொடும். தண்ணீர், எரிபொருள், உணவு ஏற்றியபின் இது கூடும், ஆகவே கையேட்டில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆழமானி எங்கிருந்து அளக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்: உணரியிலிருந்தா, கீலின் அடியிலிருந்தா, நீர்மட்டத்திலிருந்தா? இரவல் படகிலோ வாடகைப் படகிலோ இந்த அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பினால் ஒரு மீட்டருக்கு மேல் கணக்கு தவறலாம்.

வரைபடத்தில் உள்ள ஆழம் ஓர் அடிமட்டத்திலிருந்து எழுதப்பட்டது. பல நாடுகள் வானியல் கணக்குப்படி நீர் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்தை அடிமட்டமாக வைக்கின்றன. அமெரிக்க வரைபடங்கள் தினசரித் தாழ்நிலைகளின் சராசரியை வைக்கின்றன. சராசரி என்றால் சில நாட்கள் நீர் அதற்கும் கீழே இறங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கணக்கைச் செய்து பார்ப்போம். வரைபடம் 1.5 மீட்டர் காட்டுகிறது. படகின் டிராஃப்ட் 1.4. கடல்நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்பார்கள். தாழ் ஓதத்துக்கும் உயர் ஓதத்துக்கும் இடையே வேறுபாடு 1.2 மீட்டர். ஆறு மணி நேர ஏற்றத்தில் நீர் ஒரே சீராக ஏறாது. பன்னிரண்டில் ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்ற விகிதத்தில் ஏறும். இங்கே அது 10, 20, 30, 30, 20, 10 சென்டிமீட்டர். ஆக, மூன்று மணி நேரம் கழித்து 60 சென்டிமீட்டர் கூடியிருக்கும். தாழ் ஓத மட்டம் அடிமட்டத்தோடு ஒத்துப்போகிற நாளாக இருந்தால் மொத்தம் 2.1 மீட்டர். கீலுக்கு அடியில் 70 சென்டிமீட்டர் மிச்சம். அலையின் பள்ளத்தில் படகு 30 சென்டிமீட்டர் இறங்கினால் மிச்சம் 40. காற்று பல நாள் ஒரே பக்கம் அடித்து மேடையிலிருந்து தண்ணீரைத் தள்ளியிருந்தால் இன்னும் குறையும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் நீர்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் இறங்கும்.

இந்தப் பன்னிரண்டு பங்குக் கணக்கு நாளுக்கு இரண்டு ஏற்றம் இரண்டு வற்றம் ஒழுங்காக வரும் இடங்களுக்குத்தான். தஹிதியில் ஓத வேறுபாடே 30 சென்டிமீட்டர் அளவுதான், உயர் ஓதம் தினமும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே வருகிறது. அங்கே ஏற்றத்தை நம்பி எந்த மேட்டையும் கடக்க முடியாது.

கண்தான் முதல் கருவி

இத்தனைக்கும் பிறகு படகைக் காப்பாற்றுவது அணியத்தில் நிற்கும் ஆளின் கண். ஒளியின் சிவப்புப் பகுதியைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலம்தான் ஆழம் வரை போய்த் திரும்பும். அடியில் வெள்ளை மணல் இருக்கும்போது, ஆழத்துக்கு ஏற்ப நிறம் மாறுவது இதனால்தான்.

1. கருநீலம்: ஆழம். தாராளமாகப் போகலாம்.
2. பச்சை கலந்த நீலம்: சில மீட்டர், அடியில் மணல்.
3. வெளிர் பச்சை: இரண்டு மீட்டரை ஒட்டி. வேகத்தைக் குறைக்க வேண்டிய நிறம்.
4. கிட்டத்தட்ட வெள்ளை: ஒரு மீட்டருக்குள்.
5. பழுப்பு, மஞ்சள்: மேற்பரப்பை ஒட்டி வந்துவிட்ட பவளம் அல்லது பாறை. விலகுங்கள்.
6. கறுப்பாகத் தெரியும் திட்டு: இதுதான் சிக்கல். கடற்புல், பவளம், மேக நிழல் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

கறுப்புத் திட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மேக நிழல் நகரும், அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கடற்புல்லின் ஓரம் மங்கலாக, கிழிந்த துணியின் விளிம்புபோல் இருக்கும். பவளக் குன்றின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும், பல இடங்களில் அதைச் சுற்றி ஒரு வெள்ளை மணல் வளையமும் தெரியும். பவளத்தில் ஒளிந்து வாழும் மீன்களும் கடல் முள்ளெலிகளும் தம்மை இரையாக்கும் மீன்களுக்குப் பயந்து அதிக தூரம் போகாமல் சுற்றியுள்ள புல்லை மேய்ந்துவிடுவதால் உண்டாகும் வளையம் அது. பஹாமாஸில் எதிர்மாறான ஏமாற்றும் உண்டு: நுண்ணிய சுண்ண மண் கலங்கித் தண்ணீர் பால்போல் வெளுத்து, மணல்திட்டு மாதிரியே தோன்றும்.

நிறம் தெரிய வெயில் வேண்டும், அதுவும் உயரத்தில், முதுகுக்குப் பின்னால். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரைதான் நம்பகமான நேரம். மேற்கு நோக்கிய வழிகளைக் காலையிலும் கிழக்கு நோக்கிய வழிகளை மதியத்துக்கு மேலும் வைத்துக்கொள்ள வேண்டும். சூரியன் எதிரே இருந்தால் தண்ணீர் வெறும் வெள்ளித் தகடு. ஐந்தடியில் பார் இருந்தாலும் தெரியாது. போலராய்டு கண்ணாடி பளபளப்பை நன்றாகக் குறைக்கும். நிற்கும் உயரம் கூடக் கூட இன்னும் தூரம் தெரியும். துளிகூடக் காற்றில்லாத நாள் சுலபம் என்று தோன்றும், உண்மையில் அன்றுதான் நீர்ப்பரப்பு வானத்தை அப்படியே பிரதிபலித்து அடியை மறைக்கும். லேசான சிற்றலை இருப்பதே நல்லது.

வேகம் இதோடு சேர்ந்தது. 6 நாட் என்பது வினாடிக்குச் சுமார் 3 மீட்டர். முப்பது மீட்டர் முன்னால் பழுப்பு நிறத்தைப் பார்த்தால் கையில் இருப்பது பத்து வினாடி: பார்த்தவர் கத்த, சுக்கான் பிடித்தவர் கேட்டுப் புரிந்துகொள்ள, படகு திரும்ப, எல்லாம் அதற்குள். 3 நாட்டில் போனால் இருபது வினாடி. என்ஜின் சத்தத்தில் கத்துவது கேட்காது, கை அசைவுகளை முன்பே பேசி வைத்துக்கொள்வதுதான் சரி.

உள்ளே போனபோது ஜிபிஎஸ் பதிவு செய்த தடத்தை அழிக்காதீர்கள். வரைபடம் தவறாக இருந்தாலும் அந்தத் தடம் சரி, ஏனென்றால் அதை உண்டாக்கியது உங்கள் படகே. மேகம் மூடி நிறம் தெரியாமல் போனால், திரும்ப வெளியேற அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஓதம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காயலின் வாய்

அடாலுக்குள் நுழைய வளையத்தில் ஓரிரு இடைவெளிதான் இருக்கும். காற்று வரும் பக்கத்துப் பாரின் மேல் அலைகள் உடைந்து தண்ணீரை இரவும் பகலும் காயலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவு தண்ணீரும் அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதனால் வெளியே ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போதே வாயில் நீரோட்டம் வெளிநோக்கி ஓடலாம். ஓத அட்டவணையை மட்டும் பார்த்து வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

துவாமோத்துவின் சில வாய்களில் நீரோட்டம் 6 நாட்டைத் தாண்டும். சிறிய பாய்மரப் படகின் என்ஜின் முழு வேகமே அவ்வளவுதான். வெளியேறும் நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்தால் அங்கேயே அலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். பல நாள் பெருங்காற்றும் பேரலையும் இருந்திருந்தால், நீரோட்டம் நிற்கும் நேரமே வராமல் போகலாம். வெளியே நின்று தண்ணீரைக் கவனித்து, தேவைப்பட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நங்கூரம் எங்கே விழுகிறது?

மணலில் மட்டும். நங்கூரம் பிடிப்பதும் அங்கேதான், பவளம் பிழைப்பதும் அப்போதுதான். நிறம் தெரியும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால், மணல் திட்டைக் கண்ணால் பார்த்தே இறக்கலாம். பிறகு நீந்திப் போய் ஒருமுறை பார்ப்பது நல்லது. கயிற்றைப் பவளம் அறுத்துவிடும் என்பதால் சங்கிலி அவசியம். ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு நீளம் விட வேண்டும்.

இரவில் காற்று திசை மாறினால் படகு சுற்றும், கீழே சங்கிலி ஒரு குன்றில் சுற்றிக்கொள்ளும். ஐந்து மடங்கு நீளம் ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடும். சூறைக்காற்று வந்து அலை தூக்கும்போது சங்கிலி விட்டுக்கொடுக்காது. அணியத்தில் ஏதாவது உடைய வேண்டியதுதான். இதற்குத் துவாமோத்துவில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: முத்துப் பண்ணைகளின் மிதவைகளைச் சங்கிலியில் இடைவெளி விட்டுக் கட்டிவிடுவார்கள். நங்கூரத்தை ஒட்டிய பகுதி மணலில் கிடக்கும், மீதிச் சங்கிலி பவளத்துக்கு மேலே மிதக்கும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் நங்கூரமிடக் கூடாத இடங்களை மிதவைகளால் குறித்து, பக்கத்தில் கட்டிக்கொள்ளப் பொது மிதவைகளையும் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று காலியாக இருந்தால் நங்கூரத்தை எடுக்கவே வேண்டாம்.

ஏறிவிட்டால்

முதல் கேள்வி: நீர் ஏறுகிறதா, வற்றுகிறதா? ஏற்றத்தின் தொடக்கத்தில் தட்டியிருந்தால் காத்திருந்தால் போதும், படகு தானே மிதக்கும். உச்ச ஏற்றத்தில் ஏறியிருந்தால் நிலைமை மோசம். 1770 ஜூன் 11 இரவு கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் கிரேட் பேரியர் ரீஃபில் ஏறியது இப்படித்தான். பீரங்கிகள், பாரக் கற்கள் என்று 40, 50 டன்னைக் கடலில் வீசினார்கள். அடுத்த நாள் பகல் ஏற்றத்தில் கப்பல் அசையவில்லை, ஏனென்றால் அங்கே அப்போது பகல் ஏற்றம் இரவு ஏற்றத்தைவிடக் குறைவு. இரவு ஏற்றம் வந்தபின்தான் விடுபட்டது. பின்னால் பார்த்தபோது, உடைந்த பவளத் துண்டு ஒன்று ஓட்டையிலேயே செருகி நின்று தண்ணீர் வருவதைப் பெருமளவு தடுத்திருந்தது.

இதிலிருந்து வரிசை கிடைக்கிறது. இழுப்பதற்கு முன் உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் ஆழத்துக்கு இழுப்பது மூழ்கடிப்பதாக முடியும். அலை மேலும் உள்ளே தள்ளாதபடி சிறு படகில் நங்கூரத்தை எடுத்துப் போய் ஆழமான பக்கம் இறக்கி, கயிற்றை இறுக்கி வையுங்கள். எடையைக் குறையுங்கள். என்ஜினை முழு வேகத்தில் பின்னோக்கி ஓட்டினால் மணலும் பவளத் துகளும் என்ஜினைக் குளிர்விக்கும் நீர்க்குழாயை அடைத்துவிடும், புரொப்பெல்லரும் போகும். கடற்புல் மேட்டில் அப்படிச் செய்தால் புரொப்பெல்லர் உழுத தடம் ஆறப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஃபுளோரிடா கீஸ் பகுதியில் அந்தத் தழும்புகள் வானிலிருந்தே தெரிகின்றன.

பவளத்துக்கு இன்னும் அதிக காலம் வேண்டும். கிளைவிடும் வகைகள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை வளரலாம். பெரிய உருண்டை வகைகள் ஒரு சென்டிமீட்டர் அளவில்தான். ஒரு மீட்டர் அகல உருண்டையைக் கீல் பிளந்தால் அரை நூற்றாண்டு வளர்ச்சி அங்கே போகிறது. துப்பதாஹாவில் சேதமான பரப்பு சுமார் 2,345 சதுர மீட்டர் என்று கணக்கிட்டார்கள். கப்பலை இழுத்தால் பார் இன்னும் சிதையும் என்பதால் அங்கேயே துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். 2015இல் அமெரிக்கா 8.7 கோடி பிலிப்பைன் பெசோ இழப்பீடு கட்டியது. சொந்தப் படகுக்காரரும் பல நாடுகளில் பவளச் சேதத்துக்குச் சட்டப்படி பொறுப்பாளிதான். ஆகவே காப்பீட்டுப் பத்திரத்தில் படகை அகற்றும் செலவும் சுற்றுச்சூழல் சேதமும் அடங்குமா என்று கிளம்புவதற்கு முன்பே வரி விடாமல் படித்துவிடுங்கள். படகு விடுபட்டபின், அந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும் நேரத்தையும் அந்த நாட்டின் கடல் வரைபட அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். அளக்கப்படாத ஒரு பாறை அடுத்த பதிப்பில் இடம்பெற அது உதவும்.